உரப்பும் பண்பும்

இசை பயிலும் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், இசைக்கும் இரைச்சலுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு சிறியது என்பதைப் பெற்றோர் விரைவில் அறிந்துகொள்வர். வயலின் பயிலும் பிள்ளையின் முதலாம் ஆண்டு அயலாருக்கும் சோதனை ஆண்டே. மிருதங்கம் பயிலும் பிள்ளையின் வீட்டில் மேசையும் கதவும் சோற்றுக் கோப்பையும் அடிபடும். ஆயினும் இவை யாவும் மனிதக் கையின் வலிமைக்குள் அடங்கிய ஓசைகள். கை சோர்ந்தால் ஓசையும் சோரும். மின்சாரக் கிற்றாரின் கதை வேறு. அதன் ஓசைக்கு எல்லை வகுப்பது அருகே இருக்கும் பெட்டியின் முகப்பிலுள்ள ஒரு சிறு குமிழ். அந்தக் குமிழினால் எமது வீட்டில் நேர்ந்த ஒரு சங்கடத்தையும், அது தீர்ந்த வகையையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம். இசை பயிலும் பிள்ளைகளை உடைய குடும்பங்களுக்கு இது பயன்படலாம்.

யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் உயர்தர வகுப்பு மாணவருக்குப் பௌதிகவியல் கற்பிப்பது எமது தொழில். எம் மகனுக்கு வயது பதினேழு. மரக் கிற்றார் ஒன்றில் மூன்றாண்டுகள் பயின்று, பள்ளி மேடையிலும் இரண்டொரு தடவை வாசித்திருந்தான். நல்லூர்த் திருவிழாவை ஒட்டிக் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அவனுடைய மாமா, மருமகன்மீது கொண்ட அன்பினால் மின்சாரக் கிற்றார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். விமானப் பயணப் பொதியின் நிறையை எண்ணி அம்பிளிபயரை விட்டுவிட்டு வந்தார். அதுவும் ஒருவகையில் நன்றே. கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ற். எமது நாட்டில் 230 வோல்ற். அந்நாட்டு அளவுக்கு மட்டும் அமைந்த பெட்டியை இடையே மின்மாற்றி இன்றி இங்கே செருகியிருந்தால் முதல் நாளே புகைந்திருக்கும்.

மின்சாரக் கிற்றார் தனியே நின்றால் ஊமைக்குச் சமம். மரக் கிற்றாருக்கு உள்ளே வெறுமையான வயிறு உண்டு. கம்பியின் அதிர்வை அது வாங்கி அறையெங்கும் பரப்பும். மின்சாரக் கிற்றாரின் உடலோ பெரும்பாலும் திண்ணிய பலகை. கம்பிகளின் கீழே காந்தமும், அதைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். உருக்குக் கம்பி அதிரும்போது சுருளில் மின் தூண்டப்படும். 1831ஆம் ஆண்டு மைக்கேல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இங்கும் வேலை செய்கின்றது. அவ்வாறு பிறக்கும் மின் மிக நலிந்தது. அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுத்தால்தான் காதில் விழும்.

ஆகவே மகன் பொறுமை இழந்தான். விழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் நண்பர் ஒருவரிடமிருந்து நூறு வாற்று அம்பிளிபயர் ஒன்றை இரவல் வாங்கி, முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஒரு சனிக்கிழமை மாலை. எம் அன்னையார் விறாந்தையில் அமர்ந்து சுளகில் முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தார். நாம் உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம். மகன் குமிழைப் பாதிவரை திருப்பி, கிற்றாரின் மிகத் தடித்த கம்பியை ஒருமுறை மீட்டினான்.

யன்னல் கண்ணாடிகள் நடுங்கின. மேசைமேல் இருந்த பேனா உருண்டது. விறாந்தையில் சுளகு விழும் ஓசை கேட்டது. ஓடிச் சென்று பார்த்தோம், இலைகள் சிதறிக் கிடந்தன, அன்னையாரைக் காணவில்லை. உள்ளறையின் மூலையில், சுவரோடு முதுகை ஒட்டி, முழங்காலை மடக்கி, இரு கைகளாலும் காதுகளைப் பொத்தி அமர்ந்திருந்தார். வாய் சற்றே திறந்திருந்தது. ஷெல் விழும்போது அவ்வாறு வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று சிறுவயதில் எமக்குக் கற்றுத் தந்தவரும் அவரே.

1990ஆம் ஆண்டு எமக்குப் பதினொரு வயது. அவ்வாண்டு குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பல ஆண்டுகள் திரும்பி வரவில்லை. ஜாம் போத்தல் விளக்கின் முன் இருந்து படித்த தலைமுறை எங்களுடையது. வளவில் பனங்குற்றிகளை அடுக்கி மண் மூட்டைகள் போட்டு அமைத்த பங்கர் ஒன்று இருந்தது. தூரத்தில் ஓர் அதிர்வு கேட்டாலே, சமையலை அடுப்பில் விட்டு எங்களை இழுத்துக்கொண்டு அன்னையார் அதற்குள் இறங்கிவிடுவார். அவர் அஞ்சியது உரத்த ஓசைக்கு மட்டுமன்று. நிலத்தின் வழியே காலில் ஏறும் தாழ்ந்த அதிர்வுக்கே அவர் உடல் முதலில் விழித்தெழும். அந்த உடல் இன்னும் அதை மறக்கவில்லை என்பதை அன்று கண்டோம்.

கண்டதும் எமக்கு வந்தது சினம். மகனைப் பார்த்து, சொல்லத் தகாத சொற்கள் சிலவற்றைச் சொன்னோம். இனி இந்த வீட்டில் அப்பொருள் ஒலிக்கக்கூடாது என்று கட்டளையிட்டோம். அன்றிரவே பெட்டி திரும்பிச் சென்றது. மகன் ஒன்றும் மறுத்துரைக்கவில்லை. கிற்றாரை உறையில் இட்டுக் கட்டிலின் கீழ் வைத்துவிட்டான். மூன்று வாரங்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொன்னான்.

ஒரு நாள் மனைவியார் எம்மிடம், “அவன் 2008இல பிறந்த பிள்ளை. அவனுக்கு நீங்கள் எப்பவாவது பங்கரைப் பற்றிச் சொன்னனீங்களோ?” என்று கேட்டார். நாம் சொல்லவில்லை. போர் 2009இல் முடிந்தது. பிள்ளைகள் அந்த நினைவின்றி வளரட்டும் என்று எண்ணினோம். பாட்டியார் எதற்கு அஞ்சுவார் என்பதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு, அஞ்ச வைத்தான் என்று தண்டித்தது எவ்வகை நீதி? அன்றிரவு மகனை அருகே இருத்திச் சொல்ல வேண்டியவற்றைச் சொன்னோம். அவன் நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர், “கிற்றாரை வித்துவிடுவம், அப்பா” என்றான். அதுதான் எம்மை மிகவும் வருத்தியது. ஒருவரின் அமைதிக்காக மற்றொருவரின் ஆர்வம் அழிய வேண்டுமா என்று எண்ணத் தொடங்கினோம்.

எண்ணும்போதுதான் எமது அறியாமை எமக்கே புலப்பட்டது. ஓர் இசையொலிக்கு மூன்று சிறப்பியல்புகள் உண்டு: சுருதி, உரப்பு, பண்பு. இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் இதை எழுதி வருகின்றோம். சுருதி மீடிறனைப் பொறுத்தது. உரப்பு அலையின் வீச்சத்தைப் பொறுத்தது. ஒரே சுருதியில், ஒரே உரப்பில் ஒலித்தாலும் வயலினையும் நாதஸ்வரத்தையும் வேறுபடுத்திக் காட்டுவது பண்பு. உரப்பு வேறு, பண்பு வேறு என்று மாணவருக்குச் சொல்லும் நாம், மின்சாரக் கிற்றார் என்றால் பேரோசைதான் என்று முடிவு கட்டியிருந்தோம்.

அவ்வாறு எண்ணியதற்கு ஒரு காரணமும் உண்டு. 1950களிலும் 1960களிலும் செய்யப்பட்ட அம்பிளிபயர்கள், எங்கள் பாட்டன்மார் வீட்டு வானொலிப் பெட்டிகளைப் போல, வால்வுகளால் இயங்கியவை. அமெரிக்காவில் லியோ பென்டரின் தொழிற்சாலையும், இங்கிலாந்தில் வொக்ஸ், மார்ஷல் ஆகிய நிறுவனங்களும் அவற்றைச் செய்தன. வால்வை அதன் எல்லைவரை உழைக்க வைத்தால், அலையின் உச்சிகள் மழுங்கி, ஒலியில் ஒரு கரகரப்பும் செழுமையும் பிறக்கும். பொறியியலாளருக்கு அது திரிபு, ஒரு குறை. வாத்தியக்காரருக்கோ அது அழகாயிற்று. அந்தக் கரகரப்பை விரும்பி, லிங்க் ரே என்ற அமெரிக்கர் 1958இல் வெளிவந்த தமது இசைத்தட்டுக்காக ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பில் துளையிட்டார். கிங்ஸ் என்ற ஆங்கிலக் குழுவின் டேவ் டேவிஸ் 1964இல் சவர அலகினால் கூம்பைக் கீறினார். ஆனால் பெரும்பாலானோர் கையாண்ட வழி எளியது: குமிழைத் திருப்பி ஓசையை ஏற்றுவது. நல்ல பண்பு வேண்டுமாயின் பேருரப்பும் வேண்டும் என்ற நிலை இவ்வாறு ஏற்பட்டது. மண்டபத்துக்கு அது பொருந்தும். விறாந்தையில் முருங்கை இலை ஆயும் வீட்டுக்குப் பொருந்தாது.

இவ்விரண்டையும் பிரித்துத் தந்தது கணிதம். 1996ஆம் ஆண்டு லைன் சிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், மொடலிங் அம்பிளிபயர் என்று இன்று அழைக்கப்படும் இலக்கமுறைப் பெட்டி ஒன்றை வெளியிட்டது. 1998இல் அதே நிறுவனம் அவரை விதையின் வடிவில், கையில் அடங்கும் கருவியாக அதே வித்தையைத் தந்தது. 2011இல் யமஹா நிறுவனம் வீட்டு மேசைமேல் வைத்து வாசிப்பதற்கென்றே சிறு பெட்டிகளைச் செய்தது. இன்று பல நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. விலையும் ஆசிரியர் குடும்பம் எட்டக்கூடிய அளவுக்கு இறங்கியிருக்கின்றது.

அதன் உள்ளே நிகழ்வது இது. கிற்றாரிலிருந்து வரும் மின்னலையைப் பெட்டி ஒரு செக்கனுக்கு 44,100 தடவையோ 48,000 தடவையோ அளந்து எண்களாக்குகின்றது. பழைய வால்வு எவ்வாறு அலையை மழுக்கும், அதன் சுற்று எந்த மீடிறன்களை உயர்த்தும், மரப்பெட்டியும் ஸ்பீக்கரும் அதை எவ்வாறு மாற்றும் என்பனவெல்லாம் கணிப்புகளாகச் சில்லில் எழுதப்பட்டுள்ளன. எண்கள் அவற்றினூடே சென்று, மீண்டும் மின்னலையாகி ஸ்பீக்கரை அடைகின்றன. இதற்குச் செல்லும் நேரம் சில மில்லிசெக்கன்களே. மூன்று மீற்றர் தூரத்தில் உள்ள ஸ்பீக்கரிலிருந்து ஒலி காதை வந்தடைய ஏறக்குறைய ஒன்பது மில்லிசெக்கன் ஆகும். ஆகவே வாசிப்பவனுக்கு இத்தாமதம் தெரியாது. கரகரப்பைக் கணிப்பு உண்டாக்குகின்றது. உரப்பைக் கடைசிக் குமிழ் தனியே ஆள்கின்றது. மண்டபத்தில் முழங்கிய பெட்டியின் குரலைப் பேச்சொலியின் அளவில் கேட்கலாம்.

பாவித்த பெட்டி ஒன்று கொழும்பிலிருந்து பேருந்தில் வந்து சேர்ந்தது. எமது மாதச் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி செலவாயிற்று. பத்து வாற்று, ஒரு சோற்றுப் பானையின் பருமன். இன்ன நிறுவனத்தின் பெட்டி என்று கூறி விளம்பரம் செய்வது எமது நோக்கமன்று. எங்கள் அனுபவத்தில் கற்ற சிலவற்றை மட்டும் கூறுகின்றோம்.

முதலாவது, வாற்று எண்ணைக் கண்டு மயங்கவேண்டாம். நூறு வாற்றுக்குப் பதில் பத்து வாற்றுக் கொடுத்தால் ஒலி பத்திலொன்றாகக் குறையும் என்று பலர் எண்ணுவர். அந்த வித்தியாசம் பத்துத் தெசிபெல். அதே ஸ்பீக்கரானால் காதுக்கு ஏறக்குறையப் பாதியாகவே தோன்றும். பத்து வாற்றே ஓர் அறைக்கு மிகுதி. ஆகவே பெரிய எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

இரண்டாவது, பெட்டியைத் தரையில் வைக்கவேண்டாம். தாழ்ந்த ஒலி தரை வழியாகவும் சுவர் வழியாகவும் அடுத்த அறைக்குச் செல்லும். நாம் அதை நாற்காலி ஒன்றின்மேல், மடித்த பழைய போர்வை ஒன்றை இட்டு, சுவர் மூலையிலிருந்து விலக்கி வைத்தோம். காதின் உயரத்தில் இருப்பதால் வாசிப்பவனுக்கும் குறைந்த ஓசை போதுமானதாயிற்று. குறைந்த உரப்பில் எமது காது தாழ்ந்த சுரங்களைச் சரிவரக் கேளாது என்பதைப் பிளெச்சர், மன்சன் ஆகிய அறிஞர்கள் 1933இலேயே காட்டினர். ஆதலால் மெல்ல வாசிக்கும்போது ஒலி மெலிந்ததாகத் தோன்றுவது பெட்டியின் குற்றமன்று.

மூன்றாவது, மாணவர்களுக்கு. இப்பெட்டியில் பத்துப் பன்னிரண்டு குரல்களும், எதிரொலி முதலிய அலங்காரங்களும் உண்டு. முதல் வாரம் எம் மகன் ஒரு மணி நேரம் இருந்தால் ஐம்பது நிமிடம் குமிழ்களைத் திருப்பி, பத்து நிமிடம் வாசித்தான். அன்றியும், கரகரப்பும் எதிரொலியும் விரலின் பிழைகளை மூடி மறைக்கும். தவறாக அழுத்திய சுரமும் அவற்றுள் கம்பீரமாக ஒலிக்கும். ஆகவே அலங்காரம் ஏதுமற்ற தெளிந்த குரலில் முதல் அரை மணி நேரம் பயிலவேண்டும் என்று அவனுடைய ஆசிரியர் விதித்தார். அவ்விதி எமக்கும் பிடித்தது. கட்டுரை எழுதும் மாணவருக்கும் நாம் அதையே சொல்வோம்.

நான்காவது, ஹெட்போன். அதைச் செருகினால் ஸ்பீக்கர் அடங்கிவிடும், நள்ளிரவிலும் வாசிக்கலாம். கம்பியுள்ள ஹெட்போனே தகும். சாதாரண கம்பியில்லா வகை ஒலியைத் தாமதித்துத் தருவதால், விரல் ஒரு பக்கமும் சுரம் ஒரு பக்கமுமாய்த் தாளம் குலையும். அன்றியும், எண்பது தெசிபெல் ஒலியை வாரத்துக்கு நாற்பது மணி நேரம் கேட்கலாம் என்றும், தொண்ணூறு தெசிபெல் ஆனால் நான்கு மணி நேரத்துக்கு மேற்படக்கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அயலாருக்குக் கேளாத ஓசை என்பதால் பிள்ளையின் காதுக்கும் தீங்கற்றது என்று பெற்றோர் இருந்துவிடலாகாது.

இவ்வளவும் கற்று, மகன் மாலைதோறும் ஹெட்போனை அணிந்து பயிலத் தொடங்கினான். வீடு அமைதியாயிற்று. சங்கடம் தீர்ந்தது என்று நாம் நிம்மதி அடைந்தோம். தீரவில்லை என்பதை அன்னையாரே காட்டினார்.

ஒரு மாலை அவர் அறை வாசலில் வந்து நின்றார். ஹெட்போன் அணிந்த மகனிடமிருந்து, கம்பியில் நகம் தட்டும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சிறிது நேரம் பார்த்துவிட்டு எம்மிடம் வந்து, “தம்பி என்ன வாசிக்கிறான்? எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே” என்றார். “உங்களுக்குச் சத்தம் ஒத்துவராது எண்டுதான், அம்மா” என்றோம். அவர் எம்மை ஒருமுறை நோக்கி, “சத்தந்தான் ஒத்துவராது. பாட்டு ஒத்துவராதெண்டு நான் சொன்னனானோ?” என்றார்.

பல ஆண்டுகளுக்கு முந்திய ஓர் இரவு அப்போது நினைவுக்கு வந்தது. மின்சாரம் இல்லாத அக்காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவில் பிறக்கும் சிறு மின்சாரத்தில் வானொலி கேட்போம். சுழற்றுவது எமது வேலை. செய்தி முடிந்து பாட்டுத் தொடங்கியதும், “இன்னும் ஒரு பாட்டு, ராசா” என்று அன்னையார் கெஞ்சுவார். கை சோர்ந்தால் பாட்டு மங்கும். அவர் காதை வானொலியோடு ஒட்டிவைத்துக் கேட்பார். அத்தனை ஆசையோடு இசை கேட்டவரை, அவர் நன்மைக்கென்று எண்ணியே நாம் இசைக்கு வெளியே நிறுத்திவிட்டோம்.

மகனை அழைத்துச் சொன்னோம். அவன் ஹெட்போனைக் கழற்றினான். குமிழை முற்றாகக் கீழே இறக்கி, தாழ்ந்த சுரங்களுக்குரிய குமிழையும் குறைத்து, கரகரப்பில்லாத ஒரு மெல்லிய குரலைத் தெரிந்தான். அன்னையார் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். அவருடைய கைகள் மடியில் இறுகக் கோத்திருந்ததைக் கண்டோம். மகனும் அதைக் கண்டான்.

“அப்பம்மா, துவங்கட்டோ?”

“துவங்கு.”

மெலிந்த கம்பிகளில் தொடங்கி, அவர் இளமையில் வானொலியிற் கேட்ட பழைய பாட்டு ஒன்றை வாசித்தான். ஒவ்வோர் அடி முடிவிலும் அவர் முகத்தைப் பார்த்தான். இரண்டாம் அடியில் கைகள் தளர்ந்தன. மூன்றாம் அடியில் அவர், “இன்னும் கொஞ்சம் கூட்டு, தம்பி” என்றார். அவன் குமிழை மயிரிழை அளவு திருப்பினான். “இன்னும் கொஞ்சம்.” மீண்டும் திருப்பினான். பின்னர் அவர் கையை உயர்த்தி, “காணும்” என்றார்.

அன்றுமுதல் மாலை ஆறரை மணிக்குச் சுவாமி விளக்கு ஏற்றியபின் அரை மணி நேரம் ஹெட்போன் இல்லாமலே வாசிப்பு நடைபெறுகின்றது. தொடங்குமுன் மகன் பாட்டியாரிடம் கேட்டுக்கொள்வான். உடல்நலமின்றி இருக்கும் நாட்களில் அவர் தலையசைத்து மறுப்பார், அன்று ஹெட்போன். நேரம் பிந்திய இரவுப் பயிற்சிக்கும் அதுவே.

குமிழின் முகப்பில் ஒன்று முதல் பத்துவரை எண்கள் உள்ளன. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே, எம் மனைவியாரின் ஒட்டுப்பொட்டு ஒன்றை மகன் ஒட்டி வைத்திருக்கின்றான். அன்னையார் “காணும்” என்ற இடம் அது.